பப்பாசி மரம் ஆணா, பெண்ணா, இருபாலா? கொழும்பு வீட்டுத்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் வளவு என்று சொல்லிக்கொள்ள இப்போது பலருக்கு மிஞ்சியிருப்பது மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் உள்ள நாலடி மண்தான். அந்த நாலடியிலும் ஒரு பப்பாசி நிற்கும். அது ஆண் மரமாகிப் போனால் மாதக்கணக்கான பராமரிப்பும் வீண். தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்து உறவினரும் அயலவரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று: மரத்தின் பாலைப் பூதான் சொல்லும். அதுவும் ஒரே ஒரு பூவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பப்பாசியில் ஆண், பெண் என்று இரண்டுதானே உண்டு?

மூன்று உண்டு. ஆண் மரம், பெண் மரம், ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் சேர்ந்திருக்கும் இருபால் மரம். கடையில் நீளமாக, சதை தடிப்பாக, நடுவில் குழி சிறிதாக இருக்கும் பழம் இருபால் மரத்தினுடையது. உருண்டையாக, உள்ளே பெரிய வெற்றிடத்தோடு இருப்பது பெண் மரத்தினுடையது. உருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வெட்டிப் பரிமாறவும் பெட்டியில் அடுக்கவும் நீளப்பழம்தான் வசதி. அதனால்தான் வியாபாரத்துக்கு நடுகிறவர்கள் இருபால் மரத்தையே தேடுகிறார்கள்.

வீட்டுக்கும் அதுதான் நல்லது, வேறொரு காரணத்துக்காக. இருபால் மரம் தன் பூவைத் தானே மகரந்தம் சேர்த்துக் காய்க்கும். ஒரே ஒரு மரம் வைக்க இடம் இருக்கிற வீட்டில், பக்கத்து வீட்டு ஆண் மரத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பூப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வழியில்லையா? வேரைப் பார்த்தால் தெரியும் என்று அம்மம்மா சொல்வார்.

அம்மம்மாமார் சொல்வது நிறைய. ஆணிவேர் நேராக இறங்கினால் ஆண், கிளைத்தால் பெண் என்பார்கள். கறுத்த விதை ஆண், வெளிறிய விதை பெண் என்பார்கள். நீரில் மிதப்பது ஒன்று, தாழ்வது மற்றது என்பார்கள். இலையின் மடல் எண்ணிக்கை, தண்டின் பருமன் என்றும் கணக்கு வைத்திருப்பார்கள். எதுவும் நம்பத்தக்கதல்ல. மிதக்கும் விதையை எறிவதில் மட்டும் ஒரு பயன் உண்டு. மிதப்பவற்றில் பல உள்ளே பருப்பு இல்லாத சப்பை விதைகள், முளைக்காது. அதற்கும் பாலுக்கும் தொடர்பில்லை.

ஆய்வுகூடத்தில் இலைத்துண்டை வைத்து மரபணுச் சோதனை செய்தால் நாற்றிலேயே சொல்லிவிடலாம். இரண்டு கன்று நடுகிறவருக்கு அது தேவையில்லாத செலவு. பப்பாசி நட்டு நாலு முதல் ஆறு மாதத்துக்குள் பூத்துவிடும். அதுவரை பொறுத்திருப்பதுதான் வழி.

சரி, பூ வந்துவிட்டது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காம்பு. பூங்கொத்து நீண்ட காம்பில் கிளைத்து, ஒரு முழம் இரண்டு முழம் என்று கீழே தொங்கி, அதில் சின்னச் சின்னப் பூக்கள் நிறைய இருந்தால் அது ஆண். எட்ட நின்று பார்த்தாலே தெரியும், சந்தேகத்துக்கு இடமில்லை.

காம்பு குட்டையாக, இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலேயே பூ ஒட்டியிருந்தால் அது பெண்ணாகவோ இருபாலாகவோ இருக்கும். குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

பெண் பூ பெரியது. மொட்டு அடியில் அகன்று நுனியில் கூம்பி, மெழுகுவர்த்திச் சுடரின் வடிவில் இருக்கும். விரிந்தால் ஐந்து இதழும் ஏறக்குறைய அடிவரை தனித்தனியாகப் பிரியும். நடுவில் உருண்ட பச்சைச் சூலகம் ஒன்று, அதன் உச்சியில் விசிறிபோல ஐந்து சூல்முடிகள். மஞ்சள் மகரந்தப்பை ஒன்றுகூட இருக்காது.

இருபால் பூ இரண்டுக்கும் இடைப்பட்டது. மொட்டு அடியில் அவ்வளவு பருக்காது. நீண்டு, மேல்பாதியில் சற்றுப் புடைத்திருக்கும். இதழ்களின் கீழ்ப்பகுதி ஒட்டிக் குழாயாக இருக்கும், மேல்பகுதி மட்டும் பிரியும். உள்ளே சூலகம் நீண்டு ஒல்லியாக இருக்கும். அதைச் சுற்றி, இதழ்க்குழாயின் வாயில், மஞ்சள் மகரந்தப்பைகள். வழக்கமாகப் பத்து, சில மரங்களில் ஐந்து.

வெளித்தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாவிட்டால் நாளைக்கு விரியப்போகிற மொட்டொன்றைப் பறித்து, நகத்தால் இதழை உரித்துப் பாருங்கள். மகரந்தப்பையும் சூலகமும் இரண்டும் இருந்தால் இருபால். சூலகம் மட்டும் என்றால் பெண். சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் ஊசிபோல ஒரு நார் மட்டும் நின்றால் அது ஆண் பூ. கண் மங்கலானவர்கள் கைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பார்க்கலாம். மொட்டைக் கிள்ளும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் எரியும், கண்ணில் படக் கூடாது. கையைக் கழுவிவிடுங்கள்.

என் மரத்தில் காம்பு குட்டை. ஆனால் உரித்துப் பார்த்த பூவில் சூலகம் இல்லை. ஆண்தானே? வெட்டிவிடவா?

வெட்ட வேண்டாம். நல்ல மரங்கள் கத்திக்குப் போவது அதிகமும் இப்படித்தான்.

இருபால் மரத்தின் பூங்கொத்தில் நடுப்பூ ஒன்று, பக்கப்பூக்கள் சில இருக்கும். நடுப்பூதான் காய்க்கும் பூ. பக்கத்துச் சிறு பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்களாகவே வந்து உதிரும். நீங்கள் பக்கப்பூவை உரித்திருந்தால் சூலகம் இல்லாதது இயல்பு. கொத்தின் நடுவில், எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கும் மொட்டைத் தேடி உரியுங்கள்.

அதிலும் சூலகம் இல்லையா? அப்போதும் பொறுங்கள். இருபால் மரம் முதன்முதலில் பூக்கும்போது சில கணுக்களில் இப்படி மலட்டுப்பூ போடுவது உண்டு. வெயில் கடுமையாகி மண் காய்ந்தாலும் அதே கதைதான். காம்பின் நீளம் பொய் சொல்லாது. குட்டைக் காம்பு என்றால் இன்னும் நாலைந்து கணுக்கள் பூக்கும்வரை விடுங்கள், ஒன்றிலாவது சூலகம் வந்துவிடும்.

ஒரே மரம் ஒரு பருவத்தில் காய்த்து, அடுத்த பருவத்தில் வெறும் பூவாகக் கொட்டுகிறது. மரம் பால் மாறிவிட்டதா?

மரத்தின் மரபணு மாறுவதில்லை. பூ வெளிப்படும் விதம் மாறுகிறது. மூன்று வகையிலும் பெண் மரம்தான் உறுதியானது; மழை வெயில் எது வந்தாலும் அது பெண் பூவையே போடும். இருபால் மரம் அப்படியல்ல, காலநிலைக்குத் தக்கபடி ஆடும்.

ஆட்டம் இரண்டு பக்கமும் உண்டு. வெப்பம், நீர்த்தட்டுப்பாடு, பசளைக் குறைவு மூன்றும் சேர்ந்தால் சூலகம் வளராமல் பூ ஆண் பக்கம் சாயும். காய் பிடிக்காது, தண்டில் ஒரு பகுதி காயே இல்லாமல் இடைவெளியாகத் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம், குளிர்ச்சியும் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்தால் மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டி வளர்ந்து காய் கோணலாகிவிடும்.

கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, மார்ச் ஏப்ரலில் சூடு உச்சம். அந்த நாட்களில் விரியும் பூக்கள் சூலகம் இல்லாமல் உதிர்ந்தால் பதறத் தேவையில்லை. அடியில் காய்ந்த தென்னோலை, இலைச்சருகு போட்டு மூடி, மாலையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியபின் வரும் கணுக்களைப் பாருங்கள். தண்டில் உள்ள இடைவெளியைப் படிக்கப் பழகினால் அந்த மரம் எந்த மாதம் தாகத்தில் தவித்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். எனக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

காய் கோணல்மாணலாக, ஒரு பக்கம் தையல் போட்டதுபோல வருகிறது. நோயா?

பெரும்பாலும் நோயல்ல. மேலே சொன்ன ஒட்டுத்தாள் விவகாரம்தான். தாள்கள் சூலகத்தின் ஒரு பக்கத்தோடு ஒட்டியதால் அந்தப் பக்கம் சுருங்கிவிடும். பழுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பிஞ்சிலேயே தெரிந்தால் கிள்ளி எறியுங்கள், பக்கத்துக் காய்க்கு இடம் கிடைக்கும். யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் கையைச் சுருக்க வேண்டும்.

ஐந்து ஆழமான பள்ளங்களோடு சமச்சீராக உருண்டு வரும் காய் வேறு. அது ஐந்து மகரந்தத்தாள் உள்ள இருபால் பூவிலிருந்து வருவது. ஒரே மரத்தில் நீளக்காயும் இப்படிப் பள்ளக்காயும் மாறி மாறி வரலாம்.

ஆனால் காயின் தோலில் வளைய வளையமாகப் புள்ளி, இலை மஞ்சள் பூத்துச் சுருங்கி நூலாவது, இவையும் சேர்ந்திருந்தால் அது வளையப்புள்ளி வைரசு. அந்த மரத்தைக் காப்பாற்ற முடியாது. அசுகுணி அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும் முன் எடுத்துவிடுங்கள்.

ஒரு கிடங்கில் மூன்று கன்று நடச் சொல்கிறார்கள். ஏன் அத்தனை?

கணக்குத்தான். பாலைத் தீர்மானிக்கும் நிறப்புரிகள் பப்பாசியில் பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-வை. இருபால் மரத்துக்கும் எக்ஸ்-வைதான், ஆனால் அந்த வை சற்று வேறுபட்டது. இரண்டு வை சேர்ந்த கரு பிழைப்பதில்லை. இதிலிருந்து மிச்சம் எல்லாம் வந்துவிடும்.

இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்த பழத்தின் விதையில் மூன்றுக்கு இரண்டு இருபால், ஒன்று பெண். ஆண் வராது. இருபால் மகரந்தம் பெண் மரத்தில் சேர்ந்தால் பாதி பெண், பாதி இருபால். அங்கும் ஆண் இல்லை. ஆண் மரத்தின் மகரந்தம் பெண் மரத்தில் சேர்ந்தால் பாதி ஆண், பாதி பெண். ஆண் மகரந்தம் இருபால் பூவில் சேர்ந்தால் மூன்றும் சம பங்கு.

இப்போது கிடங்குக்கு வருவோம். இருபால் மரத்துத் தன்விதை என்றால் ஒரு கன்று மட்டும் நட்டால் இருபால் கிடைக்கும் வாய்ப்பு 67 வீதம். இரண்டு நட்டால் ஒன்றாவது இருபாலாக இருக்கும் வாய்ப்பு 89 வீதம். மூன்று நட்டால் 96 வீதம். நாலாவது கன்றால் கிடைக்கும் கூடுதல் நன்மை சொற்பம், அதனால்தான் மூன்றோடு நிறுத்துகிறார்கள்.

கன்றுகளை ஓரடி இடைவெளியில் முக்கோணமாக நடுங்கள். பூத்ததும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிலமட்டத்தில் வெட்டுங்கள், பிடுங்கக் கூடாது. வேர்கள் பின்னிக்கிடக்கும், பிடுங்கினால் வைத்துக்கொண்ட மரமும் ஆட்டம் காணும். இரண்டு இருபால் வந்துவிட்டால் மனம் கேட்காது, இரண்டையும் விடுவோமா என்று தோன்றும். விடாதீர்கள். ஒரே கிடங்கில் இரண்டு நின்றால் இரண்டும் ஒல்லியாகி ஆளுக்குக் கொஞ்சம் காய்க்கும்.

சந்தையில் வாங்கிய பழத்து விதையைப் போடலாமா?

போடலாம், பழத்தைப் பார்த்துத் தெரிவுசெய்தால். நீளப்பழம் என்றால் தாய் இருபால் மரம். தோட்டக்காரர்கள் ஆண் மரங்களை விட்டுவைப்பது குறைவு. ஆகவே தகப்பனும் இருபாலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண் கன்று வரும் ஆபத்து குறைவு. உருண்டைப் பழத்தின் தாய் பெண் மரம், தகப்பன் யார் என்று பழத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊர் வளவில் ஆண் மரங்களுக்கு நடுவில் காய்த்த உருண்டைப்பழம் என்றால் பாதிக் கன்று ஆணாகப் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி பாசத்தோடு கொடுத்துவிட்ட பழத்தின் விதையில் நட்ட எல்லாமே தொங்கு பூவாக வந்தது என்று ஒருவர் குறைப்பட்டார். மாமி மேல் தவறில்லை, அதிர்ஷ்டம் அப்படி.

‘ரெட் லேடி’ போன்ற கலப்பினத்தின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப்போல வராது. மரம் வரும், பழம் வரும், ஆனால் அளவும் இனிப்பும் கன்றுக்குக் கன்று மாறும். உள்ளூர் ‘ரத்னா’ விதை வைத்திருக்க விரும்பினால் நல்ல இருபால் மரத்தில் விரியாத நடு மொட்டொன்றைச் சிறு துணிப்பையால் கட்டிவிடுங்கள். அந்தக் காயின் விதைக்குத் தகப்பன் அதே மரம்தான்.

விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அந்த உறை இருந்தால் முளைப்பு தாமதமாகும். முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

நாற்றுக் கடையில் ‘இது இருபால் கன்று’ என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்பலாமா?

விதையிலிருந்து வந்த கன்று என்றால் அப்படி உறுதி கொடுக்க முடியாது. நல்ல விதையில் ஆண் வராது என்று சொன்னால் அது நியாயமான பேச்சு. ‘இந்தக் கன்று இருபால்தான்’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்டினால் சிரித்துவிட்டு மூன்றாக வாங்குங்கள். ஒட்டுக் கன்று, இழைய வளர்ப்புக் கன்று என்றால் கதை வேறு. அவை தாய் மரத்தின் பாலையே கொண்டிருக்கும்.

பெண் மரம்தான் வந்தது. வைத்துக்கொள்வதா?

பக்கத்தில் எங்காவது ஆண் அல்லது இருபால் மரம் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் பூ குழம்பாமல் காய்க்கும் நிதானம் பெண் மரத்துக்குத்தான் உண்டு. மகரந்தத்தைக் காற்றும், அந்துப்பூச்சிகளும், சிறு பூச்சிகளும் கொண்டுவரும்.

சுற்றிலும் மாடிவீடுகளாக நிற்கும் ஒழுங்கையில் மகரந்தம் வராமல் போகலாம். பூக்கள் விரிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும், அல்லது விதையில்லாத சிறு காய்கள் வரும். அப்படியானால் காலையில் யாருடைய ஆண் மரத்திலாவது புதிதாக விரிந்த பூ நாலைந்து வாங்கிவந்து, இதழை உரித்து, மகரந்தப்பையைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அரும்பாடுபட்டு வளர்த்த மரத்துக்கு அந்த ஐந்து நிமிடம் கொடுக்கலாம்.

ஆண் மரத்தில் ஆணி அடித்தால் பெண்ணாக மாறும் என்கிறார்களே. உச்சியை வெட்டினால்?

ஆணி அடித்தால் மரத்தில் ஆணி இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கதை சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண் மரங்கள் பருவத்துக்குப் பருவம் தாமாகவே சில இருபால் பூக்களைப் போடும். நீண்ட காம்பின் நுனியில் ஒல்லியான காய்கள் தொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆணி அடித்தவர் மரத்தில் அது நடந்தால் பெயர் ஆணிக்குப் போகும். ஆணி அடிக்காத மரத்திலும் அதுவே நடக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உச்சியை வெட்டினால் பக்கக் கிளைகள் வரும், அவையும் ஆணாகத்தான் பூக்கும். எப்போதாவது நாலு காய் வரலாம். அதை நம்பி இடத்தை ஒதுக்குவது கொழும்புக் காணி விலைக்குக் கட்டாது.

ஆண் மரத்தைக் கட்டாயம் வெட்டத்தான் வேண்டுமா? டெங்கு காலத்தில் இலை கேட்டு வருகிறார்கள்.

இடம் இருந்தால் விடுங்கள், சட்டம் ஒன்றும் இல்லை. பெண் மரங்கள் பல உள்ள வளவில் ஒரு ஆண் மரம் பயன்தான். இரவில் அதன் பூவுக்கு இனிய மணமும் உண்டு.

இலைச்சாறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தவுடன் பப்பாசி இலையைத் தேடி ஓடுவது கொழும்பில் வழக்கமாகிவிட்டது. இலை ஆண் மரத்தினதா பெண் மரத்தினதா என்று பார்ப்பதைவிட, நோயாளிக்கு இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று பாருங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் போக வேண்டும். காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம். இலைச்சாறு அந்தக் கண்காணிப்புக்கு மாற்றாகாது.

வெள்ளவத்தையில் தொடர்மாடி. மொட்டைமாடியில் வளர்க்கலாமா?

குட்டையாகக் காய்க்கும் இனம் என்றால் முடியும். பூச்சாடி போதாது. 200 லீற்றர் பீப்பாயைக் குறுக்கே பாதியாக வெட்டி, அடியில் தாராளமாகத் துளை போட்டு, ஒரு பீப்பாய்க்கு ஒரு மரம். மூன்று கன்று முறை இங்கே சரிவராது. தனித்தனிப் பைகளில் மூன்றை வளர்த்து, பூ தெரிந்ததும் ஒன்றைப் பீப்பாய்க்கு மாற்றலாம் என்று நினைப்பார்கள். அந்த வயதில் வேரைக் கலைத்தால் பப்பாசி முகம் திருப்பிக்கொள்ளும். பீப்பாயில் மண்ணைத் தயார்செய்து, பையை அடியில் வெட்டி மண்கட்டி உடையாமல் இறக்கத் தெரிந்தவர்கள் மட்டும் அதைச் செய்யட்டும். மற்றவர்கள் இரண்டு பீப்பாய் வைப்பது நல்லது.

கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இலையோரத்தைக் கருக்கும்; காற்று மறைப்பில் வையுங்கள். தொட்டி மண் சீக்கிரம் காயும், எனவே கோடையில் மலட்டுப்பூ நிலத்து மரத்தைவிட அதிகமாகவே வரும். பீப்பாயின் கீழ் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால் நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பப்பாசியைப் பற்றிக் கேட்கமாட்டார், தட்டைத்தான் பார்ப்பார்.

நிலத்தில் நடுகிறவர்களுக்கு எதிர்மாறான தொல்லை. பப்பாசி வேர் இரண்டு நாள் வெள்ளத்தைத் தாங்காது. களனி கங்கைப் பக்கத்துத் தாழ்நிலங்களிலும், கான் நிரம்பி வழியும் ஒழுங்கைகளிலும் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி நட்டால்தான் ஒக்டோபர், நவம்பர் மழையைக் கடக்கும்.

பூ, பிஞ்சு எல்லாம் வெள்ளைப் பஞ்சு பிடித்து உதிர்கிறது. இதுவும் பால் சிக்கலா?

இல்லை, பப்பாசி மாப்பூச்சி. இலங்கையில் 2008இல் தலைகாட்டியது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, சவர்க்காரக் கரைசல் தெளியுங்கள். எறும்பு ஏறாமல் தடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இதே ‘இருபால்’ பேச்சைக் கஞ்சாச் செடியைப் பற்றியும் கேள்விப்பட்டேன். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் ஒற்றுமை உண்டு. கஞ்சாவிலும் ஆண் செடி, பெண் செடி தனித்தனி, அங்கும் எக்ஸ், வை நிறப்புரிகள்தான். வெப்பம், ஒளிநேரக் குழப்பம் போன்ற நெருக்கடியில் பெண் செடி ஆண் பூவையும் போட்டுத் தானே விதை பிடித்துவிடும். பப்பாசியில் இருபால்தான் நாம் தேடுவது. அங்கே அது குறை, விதையில்லாப் பூ வேண்டியவர்களுக்கு விளைச்சல் கெட்டது என்று பொருள். ஆனால் இலங்கையில் அனுமதியின்றி அந்தச் செடியை வளர்ப்பது 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். வீட்டில் ஒரு செடி என்றாலும் குற்றமே. எனவே அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே இல்லை.

பாகல், பூசணியிலும் வெறும் ஆண் பூவாக வந்து உதிர்கிறதே?

பாகல், பூசணி, புடோல் கொடிகளில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் ஆண் பூ. பிறகு அடியில் குட்டிப்பிஞ்சோடு பெண் பூ வரும். கொடியைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

றம்புட்டானில்தான் கவனம் தேவை. விதையில் முளைத்த கன்றுகளில் கணிசமானவை ஆணாகப் போகும், அது தெரிய ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். மல்வானைப் பக்கம் போனால் ஒட்டுக் கன்றாகவே கேட்டு வாங்குங்கள்.

ஆண் மரத்தை வெட்டிய இடத்திலேயே அடுத்த கன்றை வைக்கலாமா?

உடனே வேண்டாம். பழைய வேர் அழுகும்போது வேரழுகல் பூஞ்சணம் அந்த மண்ணில் பெருகும், புதுக் கன்று அதில் மாட்டும். இரண்டடி தள்ளிப் புதுக் கிடங்கு வெட்டுங்கள். தள்ள இடமில்லை என்றால் பழைய அடியைத் தோண்டி எடுத்து, குழியை ஒரு மாதமாவது வெயிலில் ஆறவிட்டு, வேறிடத்து மண்ணும் உக்கிய மாட்டெருவும் போட்டு நிரப்புங்கள். வெட்டிய தண்டு உள்ளே வெறுங்குழல்தான். துண்டு துண்டாக்கிக் கூட்டெருக் குழியில் போட்டால் சீக்கிரம் உக்கிவிடும். முழுத்துண்டாக மதிலோரம் சாத்தி வைத்தால் அந்தக் குழலில் மழைத்தண்ணீர் நின்று நுளம்புக்குத் தொட்டியாகும்.